கேம் கம்ப்யூட்டரும் கிணத்து மோட்டாரும்

மஞ்சள், மாடு, மழைன்னு எழுதிட்டு இருக்கிற ஆளு இன்னைக்கு கம்ப்யூட்டர் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. பன்னெண்டாவதோட படிப்பை நிறுத்தினவன்தான் நான். ஆனா போன ஆடியில எங்க வீட்டுல ஒரு கேம் கம்ப்யூட்டர் பாகம் பாகமா வாங்கிப் பூட்டினோம். பூட்டினது எம் பொண்ணு. காலேஜ் ரெண்டாவது வருஷம். எனக்கு வேலை என்னன்னா, கூடப் போறது, காசு எண்றது, கேள்வி கேக்கறது. ரெண்டு மாசம் கேள்வி கேட்டதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாயிடுச்சு. அதைத்தான் எழுதறேன்.

கேம் கம்ப்யூட்டர்னு கடைக்காரர் கட்டி வச்சிருக்கிறதை மொத்தமா வாங்காதீங்க. பாகங்களை நீங்களே பாத்து வாங்குங்க. அப்படி வாங்கும்போது எந்தப் பாகம் பெரிசுன்னு பாக்காதீங்க, எதுக்கு எது பொருந்தும்னு பாருங்க. சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதுக்கு விளக்கம்.

கிணறு வச்சிருக்கிறவனுக்கு இது சட்டுனு புரியும். ஊத்து எவ்வளவு, ஆழம் எவ்வளவு, தண்ணி எந்த மேட்டுக்கு ஏறணும், பைப்பு எத்தனை இஞ்சு, இதெல்லாம் பாத்துட்டுத்தான் மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு முடிவு பண்ணுவோம். ஒரு இஞ்சு ஊத்துக்குப் பத்து எச்.பி. மோட்டாரை இறக்கினா கால் மணி நேரத்துல காத்தை இழுக்கும். கம்ப்யூட்டரும் அதே கதைதான். இதுல வயல் எதுன்னா, கண்ணுக்கு முன்னாடி இருக்கிற மானிட்டர். அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கணும்.

மானிட்டர்ல படம் தெரியறது புள்ளி புள்ளியா. ஃபுல் எச்.டி.ங்கிறது 1920க்கு 1080, அதாவது கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளி. அடுத்தது 2560க்கு 1440, சுமார் 37 லட்சம் புள்ளி. 4கே ன்னு சொல்றது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. ஃபுல் எச்.டி.யைப் போல நாலு மடங்கு. நாலு ஏக்கராவுக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டிய மோட்டாரும் ஒரு ஏக்கராவுக்குப் பாய்ச்ச வேண்டிய மோட்டாரும் ஒண்ணாகுமா? இந்தப் புள்ளிகளையெல்லாம் வரையற வேலை கிராபிக்ஸ் கார்டோடது. அதனால எந்த மானிட்டர்னு முடிவு பண்ணாம கார்டு விலை விசாரிக்கப் போறது, நிலத்தைப் பாக்காமலே மோட்டார் வாங்கற மாதிரி.

இன்னொண்ணு, ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 தடவை படத்தை மாத்தும். 144 ஹெர்ட்ஸ்னா 144 தடவை. மானிட்டர் 60 ஹெர்ட்ஸா இருந்து, கார்டு விநாடிக்கு 150 படம் வரைஞ்சு தள்ளுனாலும் கண்ணுக்கு வர்றது 60தான். கார்டு 40 படம்தான் வரையுதுன்னா 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் குடுத்த கூடுதல் காசு சும்மா. எம் பொண்ணு 24 இஞ்சு, ஃபுல் எச்.டி., 144 ஹெர்ட்ஸ்னு முதல்ல எழுதி வச்சா. அதுக்கப்புறம்தான் கார்டு தேடினா. 8 ஜி.பி. மெமரி உள்ள ஆர்.டி.எக்ஸ் 4060 போதும்னு நின்னா. "இன்னும் பெரிசு எடுத்துக்க கண்ணு, பின்னாடி உதவும்"னு நான் சொன்னேன். "இல்லீங்ப்பா, அந்த மானிட்டருக்கு இது மேல போட்டா கரண்டும் காசும்தான் வீண்"னா. சரியான பேச்சு.

கடையில குடுக்கிற கொட்டேஷன் எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? "ஐ7 கேமிங் பி.சி., 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டோட"ன்னு பெரிய எழுத்துல இருக்கும். ஐ7ன்னா எந்த வருஷத்து ஐ7? அது இருக்காது. 2012ல வந்த ஐ7 3770க்கும் பேரு ஐ7தான். அதுல நாலு கோர். 2022ல வந்த ஐ3 12100லயும் நாலு கோர்தான், ஆனா இந்த ஐ3 அந்தப் பழைய ஐ7ஐ சுலபமாத் தாண்டிடும். 'ஐ7'ன்னு பேரைச் சொல்லிப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் புதுப் பெட்டியில போட்டு, நாலு கலர் விளக்கும் மாட்டி விக்கிறாங்க. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ உள்ளதுக்குப் போகாது. விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. அப்ப அந்த ஐ7 வாங்கினவர் நிலைமை? பேரைக் கேட்டு வாங்காதீங்க, முழு நம்பரைக் கேட்டு வாங்குங்க. விதை வாங்கும்போது கம்பெனி பேரு மட்டும் போதுமா? ரகம் என்ன, லாட் நம்பர் என்னன்னு பாக்கறோமில்லீங்களா?

நாங்க எடுத்த பிராசஸர் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னெண்டு திரெட், 65 வாட். இந்த நம்பர்ல ஒரு எழுத்துக்கூட முக்கியம்னு எனக்குப் பொண்ணு சொல்லிக் குடுத்தா. வெறும் 5600ல படம் காட்டற சமாச்சாரம் உள்ள கிடையாது, தனியா கார்டு போட்டே ஆகணும். 5600ஜி ன்னு போட்டிருந்தா உள்ளேயே சின்னதா கிராபிக்ஸ் இருக்கும். இன்டெல்ல கடைசியில 'எஃப்'னு இருந்தா அதுலயும் உள் கிராபிக்ஸ் இல்லை. கையில இப்பக் காசு பத்தலைன்னா, உள் கிராபிக்ஸ் இருக்கிற பிராசஸரா வாங்கி லேசான கேம்களை விளையாடிட்டு, அடுத்த போகத்துக்குக் கார்டு போட்டுக்கலாம். ஒரே நேரத்துல எல்லாத்தையும் வாங்கணும்னு சட்டமில்லை. பாகம் பாகமா வாங்கறதுல இருக்கிற பெரிய சவுகரியமே இதுதான்.

அடுத்தது மதர்போர்டு. பிராசஸரோட அடியில இருக்கிற அமைப்பும் போர்டுல இருக்கிற சாக்கெட்டும் ஒண்ணா இருக்கணும். ரைசன் 5 5600க்கு ஏ.எம்.4 சாக்கெட். 2022லிருந்து வர்ற ஏ.எம்.5 வேற, அதுல இது உக்காராது. ஏ.எம்.4 போர்டுக்கு டி.டி.ஆர்.4 ரேம், ஏ.எம்.5க்கு டி.டி.ஆர்.5. ரெண்டுக்கும் நடுவுல வெட்டு இருக்கிற இடமே மாறும், அமுக்கினாலும் நுழையாது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறையில இன்னும் குழப்பம். சில போர்டு டி.டி.ஆர்.4, சில போர்டு டி.டி.ஆர்.5. போர்டோட பேரைக் கடைசி எழுத்து வரைக்கும் படிச்சாத்தான் தெரியும். நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாத்தணும்கிற எண்ணம் இருக்கிறவங்க ஏ.எம்.5 பக்கம் போறது நல்லது. குறைஞ்ச காசுல இப்ப ஓடினாப் போதும்கிறவங்களுக்கு ஏ.எம்.4.

ரேம் 16 ஜி.பி.ன்னா ஒரே துண்டா வாங்காம 8, 8ன்னு ரெண்டு துண்டா வாங்குங்க. ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்துல போக்குவரத்து நடக்கும். ஒத்தை மாட்டு வண்டிக்கும் ரெட்டை மாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம். கொட்டேஷன்ல 16 ஜி.பி.ன்னு மட்டும் எழுதியிருக்கும், ஒண்ணா ரெண்டான்னு எழுதியிருக்காது. கேளுங்க.

இப்ப நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். எஸ்.எம்.பி.எஸ். எல்லா பாகத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற டப்பா. கொட்டேஷன்ல இதுக்குப் பேரே இருக்காது. "கேபினெட்டோட 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இனாமா வருதுங்க"ன்னு ஒரு கடையில சொன்னாங்க. பொண்ணு அந்த டப்பாவைத் திருப்பி, ஒட்டியிருந்த லேபிளைப் படிச்சா. நாம மோட்டார் வாங்கும்போது பிளேட்டுல இருக்கிற ஆம்பியர், ஹெட், ஸ்டேஜ் எல்லாம் படிக்கிற மாதிரியே. அதுல 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர்னு போட்டிருந்தது. 12ஐ 18ஆல பெருக்குங்க, 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுக்கிறது அந்த 12 வோல்ட் லைன்லதான். அப்ப வெளிய எழுதியிருக்கிற 450க்கு என்ன அர்த்தம்? நல்ல கம்பெனி 550 வாட் டப்பாவுல 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் வரைக்கும் இருக்கும், அதாவது 540 வாட். லேபிள்ல இந்த ஒரு பெருக்கல் போட்டுப் பாத்தாலே நல்லதும் மட்டமும் பிரிஞ்சிடும். '80 பிளஸ்'னு முத்திரை இருந்தா கரண்டை வீணாக்காதுன்னு அர்த்தம். அது நல்லதுதான், ஆனா அது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்கியூட் வந்தா நிறுத்திக்கிற வசதி இருக்கான்னு தனியாக் கேக்கணும்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். எங்க வீடு லைனோட கடைக்கோடி. 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடும்போது 180க்கு இறங்கும். நடுராத்திரி எல்லாம் நின்ன பிறகு 250 காட்டும். லோ வோல்டேஜ்ல ஓடுன மோட்டாருக்குக் காயில் போகும்னு எங்க ஊருல சின்னப் பையனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட கரண்டுல இருபத்தஞ்சாயிரம் ரூபாய் கார்டை இனாம் டப்பாவுல மாட்டலாமா? எஸ்.எம்.பி.எஸ்.ல மிச்சம் பிடிக்கிற ரெண்டாயிரம் ரூபாய், ஸ்டார்ட்டர் போடாம மோட்டார் ஓட்டி மிச்சம் பிடிக்கிற காசு மாதிரி. நாங்க 100லிருந்து 240 வோல்ட் வரைக்கும் ஏத்துக்கிற 550 வாட் ஒண்ணு வாங்கினோம். அதுக்கு மேல ஏறினா என்ன பண்றதுங்கிறதுக்காகத்தான் முன்னாடி வோல்டேஜைச் சரிபண்ற யூ.பி.எஸ்.

யூ.பி.எஸ்.லயும் ஒரு கணக்கு இருக்கு. 600 வி.ஏ.ன்னு போட்டிருந்தா 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான். எங்க மெஷின்ல கார்டு 115 வாட், பிராசஸர் 65, மத்ததெல்லாம் ஒரு 50, மானிட்டர் ஒரு 25. கூட்டிப் பாத்தா 255. பிராசஸர் சில நேரம் எழுதினதுக்கு மேலயும் இழுக்கும். 360க்குள்ள அடங்கும், ஆனா பேட்டரி பழசானா தாங்காதுன்னு ஒரு படி மேல எடுத்தோம். வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓட்டிக்கலாமேன்னு கேப்பீங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுற அந்தக் கணத்துல மெஷின் நின்னுட வாய்ப்பிருக்கு. சைன் வேவ் இல்லாத மலிவு இன்வெர்ட்டர்ல நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களே சில நேரம் முரண்டு பிடிக்கும்.

எல்லாத்துக்கும் மேல, எர்த். கேபினெட் இரும்புப் பெட்டி. எர்த் சரியில்லாத வீட்டுல அதைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்கும். பல பேரு "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்"னு விட்டுடறாங்க. அப்படி இல்லீங்க. எஸ்.எம்.பி.எஸ்.க்குள்ள இருக்கிற ஃபில்டர்ல கசியற கொஞ்சூண்டு கரண்ட் மண்ணுக்குள்ள போக வழியில்லாம பெட்டியிலேயே நிக்குது. பாகம் வாங்கறதுக்கு முன்னாடியே நாங்க எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் பாக்கச் சொன்னோம். காஞ்சு கிடந்த எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்தினோம். கோடையில வாரம் ஒரு குடம் ஊத்தறோம். மூணு பின் பிளக்குல மேல் பின்னை உடைச்சுட்டு ரெண்டு பின்ல சொருகற பழக்கம் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க.

கேபினெட் வாங்கும்போது கண்ணாடியும் கலர் விளக்கும்தான் காட்டுவாங்க. முன்பக்கம் காத்து நுழைய வலை இருக்கா, பின்பக்கம் சூடு வெளிய போக ஃபேன் இருக்கான்னு பாருங்க. சித்திரையில எங்க வீட்டுக்குள்ளயே 38 டிகிரி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடின பெட்டி, ஜன்னல் இல்லாத பட்டுப்புழு ஷெட்டு மாதிரி. தூசு வடிகட்டற வலை கழட்டிக் கழுவற மாதிரி இருக்கணும். மோட்டார் ஸ்டார்ட்டர்ல எறும்பு போய் உக்காந்து காண்டாக்ட் எரிஞ்ச கதை எங்க ஏரியாவுல வீட்டுக்கு வீடு உண்டு. பல்லிக்கும் வெதுவெதுப்பான இடம்னா கொள்ளைப் பிரியம். அதனால பின்னாடி கார்டு போடாத ஓட்டைகளை மூடுற தகடுகளைத் தூக்கிப் போட்டுடாம மாட்டியே வையுங்க.

பழைய கார்டு வாங்கலாமான்னு என் மச்சான் பையன் கேட்டான். வாங்கலாம், சந்தையில மாட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பாக்கிற மாதிரி பாத்து வாங்கணும். ஈத்தரியம் காசு தோண்டறதுக்கு ராப்பகலா ஓட்டுன கார்டுங்க, 2022 செப்டம்பர்ல அந்த முறையே மாறினதும், மொத்தமா பழைய சந்தைக்கு வந்துச்சு. ராப்பகலா உழுத மாடுன்னு வச்சுக்குங்க. எல்லாமே மோசம்னு சொல்ல முடியாது. ஆனா எதிரிலேயே மாட்டி, அரை மணி நேரம் ஒரு கேம் ஓட்டி, ஃபேன் சத்தமும் சூடும் பாக்காம காசு குடுக்கக் கூடாது. "வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க, நல்லா ஓடும்"னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடணும்.

பில்லு விஷயம். "ஜி.எஸ்.டி. பில்லு வேண்டாம்னா 18 பர்சென்ட் மிச்சம்"னு காதுக்குள்ள சொல்ற கடைங்க இருக்கு. முளைக்காத விதைக்கு ரசீது இல்லாம யாருகிட்ட போய் நியாயம் கேட்டிருக்கோம்? ஒவ்வொரு பாகத்தோட சீரியல் நம்பரும் பில்லுல ஏறணும். பல பாகத்துக்கு மூணு வருஷ வாரண்டி. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.க்கு அதைவிடக் கூடவும் உண்டு. அது நம்ம காசுல வாங்கின உரிமை. அதை 18 பர்சென்ட்டுக்கு வித்துடாதீங்க.

எப்ப வாங்கறதுங்கிறதுக்கும் ஒரு வார்த்தை. நாங்க வாங்கி முடிச்சு சில மாசத்துலயே, 2025 கடைசியில, ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. ஏ.ஐ. கம்பெனிகளோட பெரிய பெரிய டேட்டா சென்டருக்கு மெமரி சில்லுங்க போனதுல வீட்டு உபயோகத்துக்குத் தட்டுப்பாடு. மஞ்சள் விலை ஏறி இறங்கறதைப் பாத்தே தலை நரைச்சவன் சொல்றேன், உச்ச விலையில பயந்து அள்ளிப் போடாதீங்க. 16ல ஆரம்பிச்சு, இறங்கினதும் கூட்டிக்கலாம். போர்டுல நாலு ஸ்லாட் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.

கடைசியா, இதுதான் எனக்கு முக்கியம். மானிட்டர், யூ.பி.எஸ். சேத்து மொத்தம் 78 ஆயிரம் ஆச்சு. ஒரு நல்ல கறவை மாட்டு விலை. பாதி எம் பொண்ணோட காசு. அவ பேருல ஒரு மாடு, ரெண்டு வருஷமா சொசைட்டிக்குப் பால் ஊத்திச் சேத்தது. மீதி மஞ்சள் வித்த காசு. "பொட்டப்புள்ளைக்கு விளையாட்டுப் பெட்டி வாங்க மாட்டு விலையா?"ன்னு சொந்தத்துல கேட்டாங்க. "படிப்புக்கு உதவும்"னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நான் அப்படிச் சொல்லலை. விளையாடத்தான் வாங்கினோம்னே சொன்னேன். காலையில அஞ்சு மணிக்குப் பால் பீச்சி, காலேஜுக்குப் போய், சாயங்காலம் தீவனம் அறுத்துப் போடற புள்ளை, ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடினா அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. டவுன்ல ஒரு பையன் வாங்கினா "ஹாபி"ங்கிறோம், கிராமத்துல ஒரு பொண்ணு வாங்கினா மட்டும் "எதுக்கு"ன்னு கேக்கறோம்.

கிராமத்துக்காரனுக்கு எதை வேணாலும் தள்ளிவிடலாம்னு நினைக்கிற கடைக்காரர் எதிர்ல, லேபிளைத் திருப்பிப் படிச்சு, "இது வேண்டாங்ண்ணா, 12 வோல்ட்டுக்கு ஆம்பியர் பத்தாது"ன்னு எம் பொண்ணு சொன்னப்ப அவரு முகத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் அவரு காட்டினதெல்லாம் உள்ள வச்சிருந்த நல்ல சரக்கு. வாங்கறவனுக்கு விவரம் இருந்தா கடையோட பேச்சே மாறிடும். உரக்கடையானாலும் மோட்டார் கடையானாலும் கம்ப்யூட்டர் கடையானாலும் இதுல மாத்தமே இல்லை. உங்க வீட்டுல புள்ளைங்க கேம் கம்ப்யூட்டர் கேட்டா, காசைக் கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் குடுத்து, மானிட்டர்ல ஆரம்பிச்சு எர்த் வரைக்கும் கணக்கு எழுதிட்டு வரச் சொல்லுங்க. எழுதிட்டு வந்துட்டா தாராளமா வாங்கிக் குடுங்க.